சொன்னால் முறியும் மருந்து

கக்கூஸ் கதவை வெளியிலிருந்து யாரோ தட்டினார்கள். உள்ளே உட்கார்ந்திருந்த தங்கபுஷ்பம் எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

முன்பெல்லாம் எழ வேண்டும் என்று நினைத்தாலே கால்கள் எழுந்துவிடும். இப்போது அவை வேறு யாருடைய கால்களோ போலக் கிடந்தன. இடது கையால் சுவரைப் பிடித்தாள். வலது கை தொடைமேல் கிடக்க, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கண்ணுக்குத் தெரியாத எதையோ உருட்டுவதுபோல் தம் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தன.

“இன்னாமே, உள்ளாற தூங்கிட்டியா? எங்க வூட்டுக்காரரு யார்டுக்குப் போவணும், நேரமாவுது!”

அடுத்த குடித்தனத்துத் தாயம்மாவின் குரல் அது. அவள் கணவன் கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் மூட்டை இறக்குபவன். “இதோ வாரேன்” என்று சொல்லத் தங்கபுஷ்பம் வாயைத் திறந்தாள். குரல் தொண்டையைத் தாண்டவில்லை. வெளியே வரிசையில் நின்ற பெண்களில் ஒருத்தி ஏதோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். அந்த வளவில் குடியிருந்த அத்தனை குடும்பங்களுக்கும் சேர்த்து அது ஒன்றுதான் கக்கூஸ்.

எப்படியோ சுவரைப் பற்றி எழுந்து கதவைத் திறந்தபோது, எல்லாரும் அவளையே பார்த்தார்கள். வாளியோடு ஒருத்தி முன்னால் நின்றாள். அவளை விலக்கிக்கொண்டு நடக்கத் தங்கபுஷ்பத்தால் முடியவில்லை. கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. வந்த காரியமும் ஆகவில்லை. வயிறு கல்லாக இருந்தது. சிறு சிறு அடியாக வைத்து வீட்டுக்குள் வந்து சேர்ந்ததும், பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

அன்றைக்கு அவள் ஒரு முடிவு எடுத்தாள். தண்ணீர் குடித்தால்தானே போக வேண்டியிருக்கிறது? சோறு தின்றால்தானே வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது? குறைத்துவிட்டால் போயிற்று. இதை அவள் அப்போது யாரிடமும் சொல்லவில்லை. கணவனிடம்கூட.

கணவன் சுயம்பு திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். அரிசிக்குக் கட்டுப்பாடு நீங்கிய புதிது; கடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஒரே மகளை ஊர்ப்பக்கம் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. கடைக்குப் பின்னாலேயே வளவில் வீடு. நல்ல மனிதர், மனைவி மேல் உயிர். ஆனால் இரண்டு வருஷமாக அவர் மனதில் ஒரு பயம் குடியேறியிருந்தது.

முதலில் அவளுடைய வலது கை மட்டும் நடுங்கியது. பருப்பை அளந்து போடும்போது பாதி கீழே சிந்தும். பிறகு நடை சுருங்கியது, முகத்தில் சிரிப்புக் குறைந்தது. “அண்ணாச்சி, அக்காவுக்கு எம்மேல இன்னா கோவம்? மூஞ்ச இப்டி வச்சிகினு கீறாங்க?” என்று கடைக்கு வருகிற பெண்கள் கேட்டார்கள். அவளுக்குக் கோபம் எதுவும் இல்லை. முகம்தான் அசைய மறுத்தது. சுயம்பு அவளைக் கடைப்பக்கமே வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். நடுக்கம் ஒட்டுகிற நோய் என்று எவனாவது கிளப்பிவிட்டால், அவள் கை பட்ட சாமானை எவன் வாங்குவான்? கேட்பவர்களிடம், “காய்ச்சல் வந்து கெடந்தா, அந்தச் சோர்வு” என்று சொல்லிவைத்தார்.

பெரிய ஆஸ்பத்திரிக்கும் ரகசியமாகத்தான் அழைத்துப் போனார். அங்கே டாக்டர் சுப்புராயன் அவளை நடக்கச் சொன்னார், கையை மடக்கி நீட்டிப் பார்த்தார், கையெழுத்துப் போடச் சொன்னார். பிறகு சுயம்புவைத் தனியாக அழைத்தார்.

“இதுக்குப் பார்க்கின்சன் நோய்னு பேரு. மூளையிலேர்ந்து வர்ற நடுக்கம். ஒட்டுற வியாதி இல்லே. அடியோட குணமாக்க இன்னிக்கு எங்ககிட்ட மருந்து இல்லே, ஆனா அடக்கிவைக்கலாம். இந்தச் சொட்டு மருந்தை நான் சொன்ன அளவுல குடுங்க. ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க. இந்த மருந்து வாயை உலத்தும், வயித்தைக் கட்டும். இந்த நோயே வயித்தை மந்தமாக்கும். அதனால வெளிக்குச் சரியா போறாங்களா, தண்ணி குடிக்கிறாங்களான்னு நீங்க கேட்டுக்கிட்டே இருக்கணும். கட்டிக்கிட்டா உடனே வந்து சொல்லணும்.”

சுயம்பு தலையை ஆட்டினார். ஆனால் ‘குணமாக்க மருந்து இல்லே’ என்பதற்குப் பிறகு சொன்ன எதுவும் அவர் காதில் நிற்கவில்லை. நின்றதையும் மனைவியிடம் எப்படிக் கேட்பது? முப்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்கள்தான். ஆனாலும் வெளிக்குப் போனாயா என்று ஒரு பொம்பளையிடம் கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை.

அதற்குப் பதிலாக மருந்து தேடினார். சரக்கு எடுக்க வருகிறவன், வண்டிக்காரன், ரயிலில் உடன் வந்தவன் என்று எல்லாரிடமும் பேச்சோடு பேச்சாக, “எனக்குத் தெரிஞ்சவருக்குக் கை நடுங்குது” என்று ஆரம்பிப்பார். அவர்கள் சொன்னதையெல்லாம் வாங்கினார். அடுப்படி அலமாரியில் இரும்புச் சத்து டானிக் வந்தது. ஈஸ்ட் மாத்திரை வந்தது. மீன் எண்ணெய்ப் புட்டி வந்தது. அதன் நாற்றத்தில் தங்கபுஷ்பம் குமட்டினாள். ஊரிலிருந்து யாரோ கொடுத்தனுப்பிய லேகியம் வந்தது. ஒவ்வொன்றையும் அவரே கரண்டியில் ஊற்றி, வாயருகே பிடித்து, “இத மட்டும் குடிச்சிரு தாயீ” என்று கெஞ்சுவார். அவள் அவருக்காகக் குடிப்பாள். ஒருநாள், “வயிறு ஒரு மாதிரியா இருக்குங்க” என்றாள். பசி இல்லை என்று நினைத்து, பசி எடுக்க இன்னொரு டானிக் வாங்கிவந்தார்.

எதிலும் நடுக்கம் நிற்கவில்லை. அப்போதுதான் நீலமேகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டார்.

பேசின் பிரிட்ஜ் பக்கம், பவர் ஹவுஸ் புகை படிந்த ஒரு சந்தில் நீலமேகம் கடை வைத்திருந்தான். வாசலில் பச்சைத் திரை. மேலே ‘நரம்பு வைத்திய நிபுணர்’ என்று பலகை. யாரிடமும் வைத்தியம் படித்தவனல்ல. அதற்கு முன் சந்தையில் பாம்புத் தைலம் விற்றுக்கொண்டிருந்தவன். அது சுயம்புவுக்குத் தெரியாது. சுயம்பு சொல்லச் சொல்ல அவன் கண்ணை மூடிக் கேட்டான்.

“நரம்புல குளிர் ஏறிகீது. அதான் ஒதர்து. நம்ம சூரணம் உள்ள போனா, குளிரு எறங்கி ஓடிடும்.”

“ஆஸ்பத்திரியில சொட்டு மருந்து குடுத்திருக்காவ. அத நிறுத்திரவா?”

“அத்தயும் குடு, இத்தயும் குடு. ஆனா அந்த டாக்டருகிட்ட மட்டும் வாயத் தொறக்காதே. இது குரு வாக்கு வாங்கி அரைச்ச மருந்து. எவங்கிட்டயாவது சொன்னே, மருந்து முறிஞ்சிடும். அப்பால எங்கிட்ட வந்து அழுவக் கூடாது.”

சாம்பல் நிறத்தில் ஒரு தூள். தேனில் குழைத்துக் கொடுக்க வேண்டும். கொடுத்த சில நாட்களிலேயே அதிசயம்போல் அவள் கை ஓய்ந்தது. சுயம்பு அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துப் பார்த்தார். ஆடவில்லை. அவர் கண் கலங்கிவிட்டது.

“பாத்தியா புஷ்பம்? நான் சொன்னம்லா! இத யாருட்டயும் சொல்லப்படாது, கேட்டியா? சொன்னா மருந்து முறிஞ்சிரும். டாக்டரு கேட்டாலும் மூச்சு விடப்படாது.”

அவள் தலையசைத்தாள். வாய் மரக்கட்டையாக உலர்ந்திருந்தது. எதிரில் இருப்பதெல்லாம் மங்கித் தெரிந்தது. வயிறு இறுகி, நாலைந்து நாளாக வெளிக்கே போகவில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் முகத்தில் அத்தனை சந்தோஷத்தைப் பார்த்து எத்தனையோ நாளாயிற்று. அதைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

அடுத்த தடவை சுயம்பு போனபோது, “முன்ன மாதிரி சாப்பிட மாட்டேங்கா, வயிறு உப்பசமா இருக்குங்கா” என்றார்.

“அது வாயு. நரம்புலேர்ந்து எறங்கி வவுத்துல வந்து குந்திகீது. நல்லதுதான். சூரணத்த ரெட்டிப்பாக்கு, தானா வெளிய தள்ளிடும்” என்றான் நீலமேகம்.

சுயம்பு ரெட்டிப்பாக்கினார்.

வைகாசி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு மதியம், சாப்பிடுவதற்காகக் கடையை அடைத்துவிட்டு உள்ளே வந்தார். தங்கபுஷ்பம் தரையில் உட்கார்ந்து, சேலை முந்தானையிலிருந்து எதையோ பொறுக்கிப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“என்ன பண்ணுத?”

“எறும்பு” என்றாள். “சேலை பூரா எறும்பு.”

ஒரு எறும்பும் இல்லை. அவள் முகம் அடுப்பில் காட்டிய தகடுபோல் சிவந்திருந்தது. சுயம்பு நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சுட்டது. ஆனால் ஒரு சொட்டு வேர்வை இல்லை. அவர் அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார். கண்ணின் கருமணி அகன்று, கண் முழுக்கக் கறுப்பாக இருந்தது. அந்தக் கறுப்புக்குள் அவர் இல்லை. அவள் அவரைப் பார்த்தாள்.

“நீங்க யாரு?” என்றாள்.

“புஷ்பம், நாந்தாம்ட்டி!” என்று சுயம்பு தோளைப் பிடித்து உலுக்கினார். அவள் முனகிக்கொண்டு சரிந்தாள். சரிந்தபோது சேலை விலகி வயிறு தெரிந்தது. மத்தளம் போல ஊதி, தோல் பளபளவென்று இழுபட்டிருந்தது. கை வைத்ததும் அவள் போட்ட கத்தலில் வளவே கூடிவிட்டது.

அந்த நேரத்திலும் அவர் என்ன செய்தார் தெரியுமா? அலமாரிக்கு ஓடினார். சூரணப் பொட்டலத்தைப் பிரித்தார். இன்னும் ஒரு வேளை கொடுத்தால் சரியாகிவிடுமோ என்று அதைத் தேனில் குழைக்கப் போனார். பயந்தவனின் புத்தி அப்படித்தான் போகும். ஓடிவந்த தாயம்மாதான் அவர் கையிலிருந்த கிண்ணத்தைப் பிடுங்கிக் கீழே வைத்தாள்.

“இன்னா நைனா, சாவக் கெடக்கறவளுக்கு சூரணம் கொழைச்சிகினு கீறே! போய் ஒரு ஜட்காவக் கூப்ட்டுகினு வாய்யா!”

ஜட்கா குதிரைவண்டி வந்தது. தாயம்மாவும் அவருமாக அவளைத் தூக்கி ஏற்றினார்கள். பொட்டலம் எப்படியோ சுயம்புவின் சட்டைப் பைக்குள் போயிருந்தது. வண்டி ரயில்வே கேட்டுக்கு வந்ததும் நின்றது. கேட் அடைத்திருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று பெட்டி பெட்டியாக, நத்தைபோல் ஊர்ந்துகொண்டிருந்தது.

முடிவில்லாமல் பெட்டிகள் வந்தன. ஒரு இடத்தில் வண்டி நின்றேவிட்டது. தங்கபுஷ்பத்தின் தலை தாயம்மாவின் மடியில் கிடந்தது. அவள் காற்றில் கையை நீட்டி எதையோ பிடித்தாள், வாயில் போட்டு மென்றாள், சிரித்தாள். ஒரு வருஷமாகச் சிரிக்காத முகம். அந்தச் சிரிப்பைச் சுயம்புவால் பார்க்க முடியவில்லை. ‘செத்துருவாளோ? பைத்தியம் பிடிச்சு இப்படியே இருந்துருவாளோ?’ இறங்கி ஓடிப்போய் கேட்கீப்பரிடம் கும்பிட்டார். “ரயிலு மேல ஏத்தவா சொல்றே? நில்லு” என்றான் அவன். அவர் திரும்பி வந்து வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சுப்புராயன் அவளைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். வயிற்றில் குழாய் வைத்துக் கேட்டார். நாடி பார்த்தார். கண்ணில் விளக்கு அடித்தார்.

“சொட்டு மருந்தை அளவு மீறிக் குடுத்தீங்களா?”

“இல்லீங்க. நீங்க சொன்ன அளவுதான்.”

“வேற ஏதாவது?”

சுயம்பு வாயைத் திறந்தார். மூடினார். சொன்னால் முறிந்துவிடும். இவள் கையை ஓய வைத்த ஒரே மருந்து அது. அதுவும் முறிந்துபோனால்? அதோடு, டாக்டர் பேச்சை மீறிப் போனது தெரிந்தால், ‘தூக்கிட்டுப் போ’ என்று இவளை வெளியே தள்ளிவிட்டால்?

“வேற ஒண்ணும் குடுக்கலீங்க” என்றார்.

டாக்டரின் நெற்றி சுருங்கியது. பக்கத்தில் நின்ற இன்னொரு டாக்டரிடம் மெல்லப் பேசினார். பிறகு திரும்பினார். “குடல்ல அடைப்பு மாதிரி இருக்கு. ஏன் புத்தி தடுமாறுதுன்னு எனக்குப் புரியலே. வயித்தைத் திறந்து பாக்க வேண்டியிருக்கும். இந்த நிலைமையில மயக்க மருந்து குடுத்தா தாங்குவாங்களான்னு சொல்ல முடியாது. ஆனா காத்திருக்கவும் முடியாது.”

தாயம்மா “ஐயோ!” என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது கட்டிலில் கிடந்த தங்கபுஷ்பம் பேச ஆரம்பித்தாள். நாக்கு உலர்ந்து ஒட்டிக்கொண்டிருந்ததால் வார்த்தை குழறியது. ஆனால் திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

“யாருட்டயும் சொல்லப்படாது... சொன்னா மருந்து முறிஞ்சிரும்... டாக்டரு கேட்டாலும் சொல்லப்படாது...”

அவள் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்த நர்ஸ் சுகிர்தம் நிமிர்ந்தாள். அவளும் தெற்குச் சீமைக்காரிதான். அந்தப் பேச்சு அவளுக்கு ஒரு வார்த்தைகூடத் தவறவில்லை. நேராகச் சுயம்புவிடம் வந்தாள்.

“அண்ணாச்சி, எந்த மருந்து?”

சுயம்பு சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

“உங்களத்தான் கேக்கேன். அக்காவுக்குப் பேரு மறந்துபோச்சு, ஊரு மறந்துபோச்சு, உங்களயே தெரியல. நீங்க சொல்லிக்குடுத்தத மட்டும் மறக்காம வச்சிருக்காவ. எந்த மருந்து அண்ணாச்சி?”

சுயம்பு உடைந்துபோனார். சட்டைப் பைக்குள் கையை விட்டுப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். சூரணம், டானிக், லேகியம், மீன் எண்ணெய் என்று எல்லாவற்றையும் கொட்டினார். அவர் சொல்லச் சொல்ல டாக்டர் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தார், விரலில் தேய்த்துப் பார்த்தார்.

“ஊமத்தை விதை சேர்ந்திருக்கும்னு தோணுது. இருக்கிற அறிகுறி அத்தனையும் அதுக்குப் பொருந்துது.” அவர் குரல் உயரவில்லை. “நான் குடுத்த சொட்டு மருந்தும் ஊமத்தையும் ஒரே குடும்பம் அய்யா. ஒண்ணே அளவு மீறினா விஷம். நீங்க ரெண்டையும் சேத்துக் குடுத்திருக்கீங்க. கை ஓஞ்சது வாஸ்தவம். கூடவே குடலும் ஓஞ்சுபோச்சு, புத்தியும் தடுமாறிப்போச்சு.”

“அப்போ... வயித்தக் கிழிக்கணுமா?”

“இப்ப வேண்டாம். ரெண்டு மருந்தையும் நிறுத்திட்டு, எனிமா குடுத்து, மூக்கு வழியா குழாய் போட்டு, சலைன் ஏத்திப் பாப்போம். நல்லவேளை, வாயத் தொறந்தீங்க. இல்லேன்னா கத்தியை எடுத்திருப்பேன்.”

சுயம்புவும் தாயம்மாவும் வராந்தாவில் உட்கார்ந்தார்கள். உள்ளேயிருந்து ஒவ்வொரு முனகல் வரும்போதும் சுயம்பு எழுந்து நின்றார். முனகல் நின்றால் அதைவிடப் பயந்தார். தாயம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“நைனா, ஒண்ணு சொல்லட்டா? அது இப்டி கெடக்கறதுல எனக்கும் பாவம் கீது. காலீல கக்கூஸ் கதவ நாந்தான் டமடமன்னு தட்டுவேன். எந்திரிக்க முடியாத சீக்குன்னு எனக்கு இன்னா தெரியும்? காய்ச்சல்னு சொன்னீங்க. கொஞ்ச நாளா அது அந்தப் பக்கமே வர்றதில்ல. தண்ணி கூட மோந்து குடிக்கறதில்ல. ‘இன்னாக்கா’ன்னு கேட்டேன். ‘குடிச்சா போவணுமே’ன்னு சொல்லிச்சு.”

அலமாரி கொள்ளாத மருந்துகளை வாங்கியவர் சுயம்பு. ஒவ்வொரு புட்டிக்கும் ஊரெல்லாம் அலைந்தவர். தன் வீட்டுப் பானையில் தண்ணீர் குறையவில்லை என்பது மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

சாயங்காலம் சுகிர்தம் வெளியே வந்தாள். “வயிறு எளக்கம் குடுத்துருச்சு அண்ணாச்சி. கொஞ்சம் போயிருக்கு” என்றாள். கேட்கவும் சொல்லவும் கூசுகிற அந்தச் செய்தியைக் கேட்டு, சுயம்பு வராந்தா என்றும் பார்க்காமல் ‘ஓ’வென்று அழுதார்.

புத்தி தெளிய மேலும் சில நாள் ஆயிற்று. தங்கபுஷ்பம் முதலில் சுகிர்தத்திடம்தான் பேசினாள். அதுவும் காதோடு காதாக. வரிசை, கதவுத் தட்டல், சிரிப்பு, தண்ணீர் குடிக்காமல் விட்டது, எல்லாவற்றையும். சுகிர்தம் அதை அவள் முன்னாலேயே டாக்டரிடம் உரக்கச் சொன்னாள். தங்கபுஷ்பம் வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள். டாக்டர் முகத்தில் வெட்கமோ சிரிப்போ இல்லை. நாடி பார்ப்பதுபோல் அதையும் கேட்டுக்கொண்டார்.

“இதைத்தாம்மா நான் எதிர்பாத்துக்கிட்டிருந்தேன். கை நடுங்கறதை யாரு வேணும்னாலும் பாத்துச் சொல்லலாம். வயித்துல இருக்கறதை நீங்கதான் சொல்லணும்.” பிறகு சுயம்புவைப் பார்த்தார். “நாட்டு மருந்தே தப்புன்னு நான் சொல்லலே. முறையாப் படிச்ச சித்த வைத்தியர்கிட்ட போயிருந்தா, வேற என்ன மருந்து சாப்பிடறாங்க, வயிறு கழியுதான்னு அவர்தான் முதல்ல கேட்டிருப்பார். வெளியிலே சொல்லாதேங்கறவன் வைத்தியனே இல்லே.”

சொட்டு மருந்தின் அளவைக் குறைத்துக் கொடுத்தார். தண்ணீர், கீரை, பப்பாளிப் பழம், தினமும் ஒரே நேரத்தில் அவசரமில்லாமல் போய் உட்காருவது என்று சொல்லியனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் அவள் கை பழையபடி ஆடத் தொடங்கியது. ஆடட்டும் என்று விட்டார்கள். தாயம்மா வளவில் எல்லாரிடமும் பேசி, காலையில் கக்கூஸ் வரிசையில் முதல் இடம் தங்கபுஷ்பத்துக்கு என்று ஏற்பாடு செய்தாள். அவள் உள்ளே இருக்கும்வரை தாயம்மாவே கதவுக்கு வெளியே காவல் நிற்பாள்.

ஒரு வாரம் கழித்து, காலையில் சுயம்பு பேசின் பிரிட்ஜுக்குப் போனார். பச்சைத் திரைக்கு வெளியே பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வயதானவர், தலை மெல்ல ஆடிக்கொண்டிருந்தது, முகத்தில் அசைவே இல்லை. பக்கத்தில் துறைமுகத்தில் கூலி வேலை செய்யும் அவர் மகன் லட்சுமணன். நீலமேகம் அவர்களுக்காகச் சாம்பல் நிறத் தூளைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தான்.

சுயம்புவைக் கண்டதும் அவன், “வா அண்ணாச்சி, சம்சாரம் எப்டி கீது?” என்றான்.

“பொழச்சுக்கிட்டா. ஒன் சூரணத்த நிறுத்தினதால பொழச்சா.”

நீலமேகத்தின் முகம் மாறியது. “அல்லாம் அந்த இங்கிலீஷ் மருந்து பண்ண வேலை. சும்மா கலாட்டா பண்ணாதே. ஒம் பொண்டாட்டிக்கு நடுக்குவாதம்னு நான் நாலு பேருகிட்ட சொன்னா, அப்பால ஒங் கடைக்கு எவன் வருவான்?”

இந்தக் கேள்விக்குத்தான் சுயம்பு இரண்டு வருஷமாகப் பயந்துகொண்டிருந்தார். இப்போது அது முகத்துக்கு நேரே வந்து நின்றது. ஆனாலும் தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கும்படி சத்தமாகவே சொன்னார்:

“நீ என்னத்தச் சொல்ல? நானே சொல்லுதேன். எம் பொண்டாட்டிக்கு நடுக்குவாதம். அது ஒட்டுற நோயில்ல, அவ செஞ்ச பாவமும் இல்ல. அத மறைக்கப்போயிதான் ஒங்கிட்ட வந்து மாட்டினேன். வாரவன் வரட்டும், வராட்டிப் போட்டும்!”

பிறகு லட்சுமணன் பக்கம் திரும்பினார். “தம்பி, ஒங்க அப்பாவுக்கு ஆஸ்பத்திரி மருந்து ஏதாவது குடுக்கியா?”

“ஆமா அண்ணாச்சி, சொட்டு மருந்து. ஆனா இவரு, டாக்டருகிட்ட சொல்ல வேணாம்னு...”

“எங்கிட்டயும் அதத்தான் சொன்னான்.” சுயம்பு பெஞ்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். “அந்தப் பொட்டலத்த வாங்காத. முதல்ல அப்பாட்ட ஒண்ணு கேளு. வயிறு எப்படி இருக்குன்னு கேளு.”

லட்சுமணன் கூச்சத்தோடு நெளிந்தான். தெருவில் ஆட்கள் நின்றார்கள். அவன் குனிந்து, அப்பாவின் காதருகே மெல்லக் கேட்டான்: “நைனா, வவுறு எப்டி கீது? ஒயுங்கா வெளிக்குப் போறியா?”

கிழவரின் முகம் அசையவில்லை. பதில் வர வெகுநேரம் ஆயிற்று. சுயம்பு அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். கடைசியில் அந்த அசையாத முகத்தில் கண் மட்டும் நிறைந்து வழிந்தது.

“கட்டிகினு கீதுடா” என்றார், காற்றைப் போன்ற குரலில். “ரொம்ப நாளா. ஒங்கிட்ட எப்டிச் சொல்றதுன்னு வெக்கமா இருந்திச்சு.”

லட்சுமணன் திகைத்துப்போய்ச் சுயம்புவைப் பார்த்தான்.

“பாத்தியா?” என்றார் சுயம்பு. “நோயாளிகிட்ட கேக்க வெக்கம், டாக்டருகிட்ட சொல்லப் பயம். இது ரெண்டும்தான் தம்பி ஆளக் கொல்லும், நடுக்கம் கொல்லாது. எந்த மருந்து குடுத்தாலும் சரி, டானிக்கோ, சூரணமோ, அத டாக்டருகிட்ட மறைக்காமச் சொல்லு. எழுந்திரு. அப்பாவக் கைத்தாங்கலாப் பிடி. ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வாரேன்.”